பிறந்த மீனும் உண்ணும் மீனும்

‘வளர்ப்பில் பிறந்த மீன்தானே, இனி என்ன கவலை?’ என்னும் வாதம் கற்றோர் வட்டத்தில் செல்வாக்குப் பெற்றுவருகிறது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இதனை ஓர் அறச்சான்றிதழ் போலவே நீட்டுகின்றனர். கடலிலிருந்து பிடிக்கவில்லை, பவளத்திட்டைச் சிதைக்கவில்லை, ஆகவே வழக்கு முடிந்தது என்பது அவர்தம் துணிபு. மாண்டரின் மீனைப் பொறுத்தவரை இவ்வாதம் பிழையானது. அப்பிழையின் விலையைச் செலுத்துவது மீன். இதனையே இப்பதிவில் நிறுவ முயல்கிறேன்.

சிங்கிரோபஸ் ஸ்பிளென்டிடஸ் என்னும் அறிவியற்பெயருடைய இம்மீன், ஜப்பானின் ரியூக்யூத் தீவுகள் முதல் ஆஸ்திரேலியா வரையிலான மேற்குப் பசிபிக் பவளத்திட்டுகளில் வாழ்வது. விரல் நீளத்தைத் தாண்டாதது. செதிலற்ற உடலைக் கோழைப்படலம் போர்த்தியிருக்கும். பெரும்பாலான விலங்குகளில் நீலநிறம் ஒளியின் விளையாட்டால் தோன்றுவது. இம்மீனின் தோலிலோ உண்மையான நீல நிறமியே உண்டு. முதுகெலும்பிகளில் இது மிக அரிது. சீனப் பேரரசின் அதிகாரிகள் அணிந்த பட்டாடையை நினைவூட்டியதால் இதற்கு மாண்டரின் என்று பெயர் வந்தது. அச்சொல் போர்த்துகீசியம் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. போர்த்துகீசியர் அதை மலாயிலிருந்து பெற்றனர். மலாய்க்கு அது வடமொழி தந்த கொடை. நாம் நாள்தோறும் வழங்கும் ‘மந்திரி’யே அதன் மூலம். சந்திரகுப்தனின் மந்திரி பெயரைத் தாங்கிய சாணக்யபுரியில், மந்திரி மீன் வயிறொட்டிச் சாகிறது என்பது வெறும் சொல்விளையாட்டாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏன் சாகிறது? இம்மீனின் வாய் மிகச் சிறியது; நீண்டு குவிந்து இரையைக் கொத்துவது. கோப்பிபாட் என்னும் நுண் கணுக்காலிகளையும் அவற்றை ஒத்த சிற்றுயிர்களையும் பாறையிலும் மணலிலும் தேடி, பகல் முழுவதும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உண்ணும். ஒருவேளை வயிறு நிரம்ப உண்டு மறுநாள்வரை தாங்கும் இயல்பு இதற்கில்லை. கடலிற் பிடிக்கப்பட்ட மாண்டரின், உருண்டைத் தீனியை உணவென்றே அறிவதில்லை. தொட்டியிலுள்ள சிற்றுயிர்கள் தீர்ந்தபின் வாரக்கணக்கில் மெலிந்து இறக்கும். நிறம் மங்காமலேயே மெலிவதால் உரிமையாளர் கண்ணுக்கு அது நலமாகவே தோன்றும். அழகே இங்கு நோயை மறைக்கும் திரை.

இச்சிக்கலுக்கு விடையாகவே வளர்ப்பினப்பெருக்கம் வந்தது. அதன் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்திப்பொழுதில் இணை மேலெழுந்து நீரில் விடும் முட்டைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. ஒரு நாளுக்குள் பொரிப்பவை. அத்தகு குஞ்சுகளை ஊட்டி வளர்ப்பது பேருழைப்பு. 2010இல் ஃபுளோரிடாவின் ஓ.ஆர்.ஏ. நிறுவனம் வளர்ப்பில் பிறந்த மாண்டரின்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அவை உறைந்த உணவையும் தயாரித்த தீனியையும் ஏற்கப் பழகியவை என்பதே பெருஞ்செய்தியாயிற்று. அச்செய்தியின் பாதியை மட்டும் வணிகம் எடுத்துக்கொண்டது.

என் துறை மொழியியல் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே மூன்று வேறு உண்மைகள் ஒரே சொல்லில் திணிக்கப்படுகின்றன. தொட்டியில் முட்டையிட்டுப் பொரித்த மீன் ஒன்று. கடலில் பிறந்து, குஞ்சாகப் பிடிக்கப்பட்டுத் தொட்டியில் வளர்ந்த மீன் இன்னொன்று. வளர்ந்தபின் பிடிக்கப்பட்டு, சில நாள் கடையில் வைத்துத் தீனிக்குப் பழக்கப்பட்ட மீன் மூன்றாவது. கடைக்காரர் நாவில் மூன்றும் ‘வளர்ப்பு மீன்’ ஆகிவிடுகின்றன.

அதனினும் ஆழமான குழப்பம் இலக்கணத்தில் உள்ளது. ‘பிறந்த’ என்பது ‘செய்த’ என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். முடிந்த நிகழ்வைச் சுட்டுவது. ‘உண்ணும்’ என்பது ‘செய்யும்’ என்னும் வாய்பாடு. தொடரும் இயல்பைச் சுட்டுவது. விற்பனைச் சீட்டு ‘பிறந்த’ என்கிறது. வாங்குபவர் ‘உண்ணும்’ என்று கேட்டுக்கொள்கிறார். எங்குப் பிறந்தது என்பதை எந்தத் தொட்டியாலும் மாற்ற முடியாது. என்ன உண்கிறது என்பதோ தொட்டி மாறிய அன்றே மாறக்கூடியது. பொரிப்பகத்தில் உண்ட குஞ்சு, நெகிழிப்பையில் பயணப்பட்டு, புதிய ஒளியும் நீரோட்டமும் உள்ள தொட்டியில் விடப்பட்டதும் தீனியைத் தொடாமல் போவது புதிதன்று. மேலும், விற்பனைக்கு வரும் வளர்ப்புக் குஞ்சுகள் பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவினவே. கடலில் வளர்ந்த பெரிய மீனுக்குள்ள உடற்சேமிப்பு இவற்றிடம் இல்லை. ஆகவே பட்டினி இவற்றை விரைந்தே வீழ்த்தும். ‘வளர்ப்பில் பிறந்தது’ என்ற சொல் எந்த அச்சத்தைப் போக்குகிறதோ, அதே அச்சம் இங்குக் கூடுதலாகவே வேண்டும்.

அப்படியானால் குடியமர்த்துவது எப்படி? வந்த மீனை நேரே பெரிய தொட்டியில் விடலாகாது. சிறு தனித்தொட்டியிலோ, பெரிய தொட்டிக்குள் தொங்கவிட்ட துளைப்பெட்டியிலோ இரண்டு வாரமேனும் வைத்தல் வேண்டும். நாளொன்றுக்கு நான்கைந்து வேளை, பம்பை நிறுத்திவிட்டு, அப்போதே பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளையும் மிக நுண்ணிய உறைந்த உணவையும் பிப்பெட்டால் அதன் முகத்தருகே மெல்ல விட வேண்டும். ஆர்ட்டீமியா பொரிய ஏறத்தாழ ஒரு நாளாகும். பொரித்த சில மணிநேரத்தில் அதன் கருவுணவு கரைந்து சத்துக் குறையும். ஆகவே நாள்தோறும் புதிதாகப் பொரிக்க வேண்டும். ஏறெடுத்துப் பார்ப்பது போதாது. மேலிருந்து வயிற்றைப் பார்க்க வேண்டும். மார்புத்துடுப்பின் பின்னே உடல் குழிந்திருந்தால் அது பட்டினியின் அடையாளம். உருண்டு திரண்ட பின்னரே பெரிய தொட்டி. அங்கும் கோமாளி மீன் போன்ற விரைந்துண்ணும் மீன்கள் இதன் பங்கைப் பறிக்கும் என்பதால், அடியில் கிடத்திய சிறு கண்ணாடிப் புட்டிக்குள் உணவிட்டு, ஊர்ந்து நுழையும் மாண்டரினை மட்டும் அங்கு உண்ணப் பழக்குவோர் உண்டு. பாசி வளர்க்கும் துணைத்தொட்டியில் கோப்பிபாட்களைப் பெருக்குவதும் இன்றியமையாதது. பழகிய மீனுக்கும் இது காப்பீடு.

இனி நம் ஊருக்கு வருவோம். மேலைநாட்டு வழிகாட்டிகள், உயிர்ப்பாறை இட்டு முதிர்ந்த தொட்டியை முன்நிபந்தனையாகக் கொள்கின்றன. நம் நாட்டில் 2001 முதல் திட்டுக்கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளைப் பெயர்த்தெடுப்பதற்கு எதிரான அச்சட்டம் நியாயமானது. நான் அதன் பக்கமே நிற்கிறேன். ஆனால் அதன் விளைவையும் ஒப்ப வேண்டும். இங்கு நேர்மையான தொட்டி உலர்ந்த செயற்கைப் பாறையிலிருந்தே தொடங்கும்; அதில் சிற்றுயிர்கள் பெருகப் பல மாதங்கள் ஆகும். பொறுமையற்றவர் அம்மாதங்களைத் தவிர்த்துவிட்டு மீனை வாங்குகிறார்.

தில்லியின் நிலை இன்னும் கடினமானது. மும்பைக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஒவ்வொரு வாளி நீரும் ஆர்.ஓ. நீரில் உப்புக் கலந்து ஆக்கப்படுவது. வெளியே நாற்பத்தைந்து பாகை கொதிக்கும் மே மாதத்தில் தொட்டியை இருபத்தாறு பாகையில் வைக்கக் குளிர்விப்பான் வேண்டும். சனவரியில் சூடேற்றி வேண்டும். மின்தடைக்கு இன்வர்ட்டர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் செலவிடுவோரை நான் கண்டிருக்கிறேன். நாளைக்கு ஐந்து வேளை ஊட்டும் நேரத்தைச் செலவிடுவோரைக் காண்பது அரிது. சாணக்யபுரியில் நானறிந்த ஒரு வீட்டில் குளிர்விப்பான் முதல் விளக்குவரை எல்லாம் உயர்தரம். ஊட்டும் பணி மட்டும், காலையில் ஒருமுறை, வீட்டுவேலை செய்யும் அம்மையாரிடம். மூன்றாம் வாரத்தில் மீனின் முதுகு கத்திமுனைபோல் ஆயிற்று. ‘வளர்ப்பு மீன், தானே பழகிவிடும்’ என்றே விற்றவர் கூறியிருந்தார்.

‘அப்படியானால் கடல்மீன் வளர்ப்பையே தடைசெய்க’ என்று சில நண்பர்கள் பாய்வர். 2017இல் நடுவணரசு அலங்கார மீன் கடைகளுக்கு விதிகளை வகுத்துப் பின்னர் அவற்றைத் திரும்பப் பெற்றதை நாம் கண்டோம். விற்கலாமா கூடாதா என்ற கூச்சலில், எப்படி விற்க வேண்டும் என்ற கேள்வி அமுங்கிப்போயிற்று. தடை கோருவோர் இன்னொன்றையும் மறக்கின்றனர். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும், மண்டபத்தில் மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீன்களைப் பொரிக்கும் தொழில்நுட்பத்தை நம் மண்ணிலேயே வளர்த்தெடுத்தன. உருண்டைத் தீனியை ஓடிவந்து உண்ணும் அம்மீனுக்கு ‘வளர்ப்பில் பிறந்த’ என்னும் அடைமொழி ஏறத்தாழ முழுமையாகப் பொருந்தும். அங்கு ஈட்டிய நம்பிக்கையைக் கடனாக வாங்கித்தான் மாண்டரின் விற்கப்படுகிறது. ஓர் இனத்தின் நற்பெயரில் மற்றோர் இனத்தைப் பட்டினியிடுவதே என் குற்றச்சாட்டு.

என் கோரிக்கைகள் மூன்று. விற்பவர், வாங்குபவர் கண்ணெதிரே அம்மீன் உண்பதைக் காட்ட வேண்டும். என்ன உணவு என்பதைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். வாங்குபவர், மீன் வருமுன்பே இரண்டு வாரம் ஆர்ட்டீமியா பொரித்துப் பழக வேண்டும். அதற்குள் சலித்துவிட்டால் அவருக்குக் கோமாளி மீனே போதும். கற்பிப்போர், ‘வளர்ப்பில் பிறந்தது’ என்ற தொடரை அறத்தின் முடிவுரையாகப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

மறுப்புரைகளை வரவேற்கிறேன். மீன் எங்குப் பிறந்தது என்பதை மட்டும் எழுதாமல், இன்று எத்தனை முறை உண்டது என்பதையும் சேர்த்து எழுதுக.