திட்டமும் திறைசேரியும்

‘திட்டம்’ என்னும் சொல்லுக்கு அளவு என்ற பொருளும் உண்டு. கறியில் உப்புத் திட்டமாய் இருக்கிறது என்று நம் வீட்டுப் பெண்டிர் கூறும்பொழுது அப்பொருளே நிற்கின்றது. கைப்பொருளின் அளவறியாது வகுக்கப்படுவது எண்ணமாகலாம், திட்டமாகாது. நம் மாகாணங்களின் நிலையை நோக்குந்தோறும் இச்சொல்லே என் நினைவில் எழுகின்றது.

1987 ஆம் ஆண்டில் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம், மாகாண சபைகளோடு நிதி ஆணைக்குழு ஒன்றையும் தோற்றுவித்தது. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பெருஞ் சமூகங்களின் சார்பில் மூவர் ஆக ஐவர் அதன் உறுப்பினர். மாகாணங்களுக்குப் பணம் பகிரும் நெறிகளை விதந்துரைப்பது அதன் கடமை. சமநிலையான பிரதேச அபிவிருத்தியே குறிக்கோள். குடித்தொகை, தலைக்குரிய வருமானம், ஏற்றத்தாழ்வுகளைப் படிப்படியாகக் குறைக்கும் தேவை ஆகியன கருதப்படல் வேண்டும் என்பது விதி. இதனினும் அறஞ்சார்ந்த விதி வேறுண்டோ?

ஆயின், நெறி கூறுவோர் ஒருவர். பணப்பையின் வாயைப் பற்றியிருப்போர் பிறிதொருவர். ஆணைக்குழு விதந்துரைக்கும், பணத்தை விடுவிப்பது திறைசேரி. வருங்கொடையிற் பெரும்பகுதி சம்பளங்களுக்கே செல்கின்றது. ஆசிரியனாகிய யானும் அதனை உண்டு வாழ்ந்தவனே. மாகாணங்கள் தாமே அறவிட்ட புரள்வு வரி 2011 இல் நீக்கப்பட்டது. ஈடாகத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு வழங்கப்பட்டது. அவ்வரியும் 2019 இறுதியில் ஒழிந்தது. கொடுத்தலும் எடுத்தலும் கொழும்பிலேயே நிகழ்ந்தன.

யான் முன்னர்க் கற்பித்த பாடசாலையொன்றில், மாரிதோறும் ஒழுகிய வகுப்பறைக்குப் புதுக்கூரை வேண்டினோம். “திட்டத்தில் உண்டு, நிதி வரவில்லை” என்று விடை வந்தது. அவ்விடை பொய்யன்று, அதுவே துயரம். மூன்று மாரி கழிந்தன. நனைந்த கொப்பிகளோடு இருந்த மாணாக்கர் சோதனை எழுதி வெளியேறிவிட்டனர்.

வரியதிகாரம் முழுவதையும் மாகாணங்களுக்கு ஈந்தால் வணிகம் மிகுந்த மேல் மாகாணமே கொழுக்கும் என்பர் சிலர். அது மெய்யே. அதனாலன்றோ நடுநின்று பகிரும் ஆணைக்குழு வேண்டப்படுகின்றது! அதனை அகற்றுக என்பது என் கருத்தன்று. அது விதந்துரைத்த தொகை எவ்வளவு, விடுவிக்கப்பட்டது எவ்வளவு, குறைந்தது எதனால் என்பன ஆண்டுதோறும் மாகாணவாரியாக மக்கள் அறியக் கூறப்படல் வேண்டும். ஒப்பிய தொகை உரிய காலத்திற் சேர்தல் வேண்டும். துலாக்கோலை ஒருவர் கையிற் கொடுத்து, நெல்லை மற்றொருவர் அறையிற் பூட்டிவைத்தால், கோல் எத்துணை நேரியதாயினும் பசி தீராது.