யாருக்கு இந்த இளைப்பாறல்?

விமானநிலையத்தில் நீண்ட நேரம் காத்திருக்க நேரின் அந்நேரத்தை எவ்வாறு இன்பமாகக் கழிக்கலாம் என்று பிரயாணிகளுக்குப் போதிக்கும் எழுத்து இன்று தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. எந்த நிலையத்தில் நீச்சற்குளம் உண்டு, எங்கே வண்ணத்துப்பூச்சித் தோட்டம் உண்டு, எங்கே சாய்வுநாற்காலிகள் மெத்தென்றிருக்கும் என்றெல்லாம் வரிசைப்படுத்தி, ஆண்டுதோறும் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டமும் சூட்டுகிறார்கள். ஒரு விமானத்தில் இறங்கி மற்றொன்றில் ஏறும்வரையுள்ள இடைத்தரிப்பு, நவீன வாழ்வின் சிறு இன்பங்களுள் ஒன்று என்பதே இவ்வெழுத்தாளர்களின் துணிபு. இத்துணிபை நாம் மறுக்கிறோம். காத்திருத்தல் எல்லார்க்கும் ஒரே தன்மையதாய் அமைவதில்லை. இலாபத்தின் கணக்கும் எல்லையின் சட்டமும் சேர்ந்தே இன்றைய இடைத்தரிப்பை ஆக்கியுள்ளன. யார் மெத்தையிற் காத்திருப்பர், யார் காவலிற் காத்திருப்பர் என்பதையும் அவையே தீர்மானிக்கின்றன.

முதலில் இலாபத்தின் கணக்கைப் பார்ப்போம். அட்லாந்திக் சமுத்திரத்தை ஒரே மூச்சிற் கடக்கும் ஆற்றல் விமானங்களுக்கு இல்லாத காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் அவை அயர்லாந்தின் மேற்குக்கரையிலுள்ள ஷனன் நிலையத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. அங்கே பிரயாணிகள் காத்திருந்தமைக்குக் காரணம் இயந்திரத்தின் குறைபாடு. அவ்வாறு காத்திருந்தோரிடம் பொருள் விற்கலாம் என்று கண்டு 1947 இல் உலகின் முதலாவது சுங்கவரியற்ற கடையை ஷனனிலே திறந்தனர். பின்னர் ஜெட் விமானம் வந்தது. சமுத்திரத்தை இடைநில்லாது கடந்தது. இயந்திரத்தின் குறை நீங்கியதும் காத்திருத்தலும் குறைந்திருக்க வேண்டுமல்லவா? நிகழ்ந்ததோ மறுதலை.

ஐக்கிய அமெரிக்காவில் 1978 இல் விமானப் போக்குவரத்தின் மீதிருந்த அரச கட்டுப்பாடு நீக்கப்பட்டது. எவ்வழியிற் பறப்பது, எவ்வளவு கட்டணம் பெறுவது என்பவற்றை அதன்பின் கம்பனிகளே தீர்மானித்தன. நகரத்துக்கு நகரம் நேரே பறப்பதிலும், எல்லாரையும் ஒரு மைய நிலையத்திற் கொணர்ந்து கொட்டி, அங்கிருந்து பிரித்தனுப்புவதே ஆசனங்களை நிரப்பச் சிறந்த வழி என்று அவை கண்டன. சில்லின் குடமும் ஆரக்கால்களும் போன்ற இவ்வமைப்பு முன்னரே முளைவிட்டிருந்தது எனினும், அதன்பின்னரே நாடெங்கும் வேரூன்றியது. அட்லான்டா நிலையம் உலகிலேயே மிகுதியான பிரயாணிகளைக் கொண்ட நிலையமாக விளங்குவது அந்நகரத்தைக் காணும் ஆவலாலன்று. வேறெங்கோ செல்வோர் அங்கே விமானம் மாறவேண்டியிருப்பதாலேயே. 2024 இல் நாற்பது இலட்சம் மக்களைக்கூட எட்டாதிருந்த டுபாய் நகரின் நிலையத்தை அவ்வாண்டில் 9 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தியதாகக் கணக்கிட்டதும் பெரிதும் இக்காரணத்தினாலேயே.

இக்கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நிலையங்களின் பிரயாணித் தொகை, வந்திறங்குவோரையும் ஏறிச்செல்வோரையும் கூட்டிப் பெறப்படுவது. ஆதலின், விமானம் மாறும் ஒருவர் இறங்கும்போது ஒருமுறையும் ஏறும்போது ஒருமுறையுமாக இருமுறை எண்ணப்படுகிறார். 'உலகம் அதிகம் நாடும் நிலையங்கள்' என்னும் பட்டியலில் உயர்ந்து நிற்பன பலவும், அங்கே செல்ல விரும்பாதவரை இரட்டிப்பாக எண்ணி உயர்ந்தவையே. நேரே செல்லும் சீட்டுக்குப் பணமுள்ளவன் காத்திருப்பதில்லை. எட்டு மணியும் பத்து மணியும் காத்திருக்கவைக்கும் சீட்டே பெரும்பாலும் மலிவானது. அதையே வறியவன் வாங்குகிறான். கட்டணத்திற் குறைந்த தொகையைத் தன் வாழ்நாளின் மணித்தியாலங்களாக அவன் செலுத்திவிடுகிறான். அந்த மணித்தியாலங்களிலும் கடைவீதியினூடாகவே நடத்தப்படுகிறான்.

இனி எல்லையின் சட்டத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் சாங்கி நிலையம் இவ்வெழுத்துக்களிற் பெரிதும் புகழப்படுவது. அதனருகே 2019 இல் திறக்கப்பட்ட மாளிகையினுள் நாற்பது மீற்றர் உயரத்திலிருந்து நீர்வீழ்ச்சியொன்று கொட்டுகிறது. அந்நீர்வீழ்ச்சி இருப்பது குடிவரவுச் சோதனைக்கு அப்பால் என்பதைப் புகழ்வோர் அழுத்திச் சொல்வதில்லை. அதன் அருகே செல்வதற்குச் சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி வேண்டும். ஐந்தரை மணிக்குமேற் காத்திருப்போருக்கு அளிக்கப்படும் இலவச நகரச் சுற்றுலாவுக்கும் அதே தகுதி வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே முன்கூட்டிய விசா தேவையில்லை; இந்தியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் பொதுவாகத் தேவை. விசா இல்லாதவர் ஒரு முனையத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் சிறு தொடர்வண்டியின் கண்ணாடியூடாக அந்நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு போகலாம். இதுவும் ஓரளவு நாகரிகமான பாகுபாடே எனலாம். ஏனெனில் ஐரோப்பாவில் நமக்குக் காத்திருக்கும் உரிமையே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2009 இல் இயற்றிய விசா விதித்தொகுப்பின் பின்னிணைப்பொன்றில் 12 நாடுகளின் பெயர்கள் உள்ளன. ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், கொங்கோ ஜனநாயகக் குடியரசு, எரித்திரியா, எத்தியோப்பியா, கானா, ஈரான், ஈராக், நைஜீரியா, பாகிஸ்தான், சோமாலியா, இலங்கை என்பன அவை. இந்நாடுகளின் குடிமக்கள் பாரிசிலோ பிராங்பேர்ட்டிலோ விமானம் மாறுவதாயின், நிலையத்தின் வாயிலைத் தாண்டாது நாற்காலியில் அமர்ந்திருப்பதற்கே முன்கூட்டி விசா பெறவேண்டும். பிரித்தானியாவும் இத்தகைய விசாவை இலங்கையரிடம் கேட்கிறது. ஐக்கிய அமெரிக்காவோ விசாவின்றி இடைத்தரிக்கும் ஏற்பாட்டை 2003 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது.

விதிவிலக்குகளே விதியின் உள்ளக்கிடக்கையை வெளியிடுகின்றன. மேற்கூறிய 12 நாட்டவருள் ஒருவர் கனடாவின் அல்லது ஜப்பானின் அல்லது ஐக்கிய அமெரிக்காவின் செல்லுபடியாகும் விசாவை வைத்திருப்பாராயின், ஐரோப்பிய நிலையத்தில் விசாவின்றிக் காத்திருக்கலாம். ஒரு செல்வ நாடு ஏற்றுக்கொண்டவனை மற்றைச் செல்வ நாடுகளும் ஏற்கின்றன. எவரும் ஏற்காதவன் எங்கும் அமரக்கூடாது. இதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடுகிறார்கள்.

நம் நாட்டவர் இவ்விசா முறைக்கு உட்பட்ட வரலாற்றை நமது மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 1987 பெப்ரவரியில், இங்கே போர் மூண்டிருந்த காலத்தில், லண்டன் ஹீத்ரோ நிலையத்தை வந்தடைந்து தஞ்சம் கேட்ட தமிழர்களைப் பிரித்தானிய அதிகாரிகள் திருப்பியனுப்ப முயன்றனர். அவர்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விமானத்தின் அருகிலேயே தமது ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்றம் குறுக்கிட்டு வெளியேற்றத்தை நிறுத்தியது. அவ்வரசு கற்றுக்கொண்ட பாடமோ வேறு. உரிய பத்திரமில்லாத பிரயாணி ஒருவரை ஏற்றிவரும் கம்பனிக்கு ஆயிரம் பவுண் அறவிடும் சட்டம் அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. 1993 இல் இயற்றப்பட்ட சட்டம் இடைத்தரிப்போரிடமும் விசா கேட்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. இவற்றின் பயன் யாது? தஞ்சம் கோருவோனின் வழக்கை நீதிபதி கேட்பதற்கு முன்னரே, புறப்படும் நிலையத்திலுள்ள கம்பனிச் சிப்பந்தி தீர்ப்பளித்துவிடுகிறார். அகதி என்ற உரிமை அந்நாட்டு மண்ணை மிதித்தபின்னரே தொடங்குகிறது. மண்ணை மிதிக்கவிடாது செய்வதே விசாவின் வேலை.

மண்ணை மிதித்த பின்னரும் அது மண்ணன்று என்று வாதிட்டவர்களும் உளர். 1992 மார்ச்சில் சிரியாவிலிருந்து பாரிசின் ஓர்லி நிலையத்துக்கு வந்த சோமாலியக் குடும்பத்தினரை அதிகாரிகள் 20 நாட்கள் இடைத்தரிப்பு வலயத்திற் காவலில் வைத்தனர். பின்னர் அவர்களைச் சிரியாவுக்கே அனுப்பினர். அனுப்பி இரண்டு நாட்கள் கழிந்தபின் பிரெஞ்சு நீதிமன்றமொன்று, அவர்களைத் தடுத்துவைத்தமை சட்டவிரோதம், விடுவிக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. விடுவிக்கப்படுதற்கு அங்கே எவரும் இருக்கவில்லை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றபோது பிரெஞ்சு அரசு கூறிய வாதம் நினைவிற் கொள்ளத்தக்கது: அவர்கள் விரும்பிய நேரத்தில் வேறு நாட்டுக்குப் புறப்பட்டிருக்கலாமாம், ஆதலின் அது சிறையன்றாம். ஒரு பக்கம் மட்டும் திறந்த கதவு கதவாகாது என்னும் கருத்துப்பட 1996 ஜூனில் அந்நீதிமன்றம் இவ்வாதத்தை நிராகரித்தது. ஆனால் இதற்கிடையே, 1992 ஜூலையிலேயே, பிரான்ஸ் அத்தகைய வலயங்களைச் சட்டத்தினால் நிறுவிவிட்டது. அவற்றுக்கு இட்ட பெயர் 'காத்திருக்கும் வலயம்'. காவலுக்குக் காத்திருப்பு என்று பெயரிட்ட அச்சொற்றிறனை மொழி கற்பிக்கும் நாம் கவனியாது விடலாகாது.

ஈரானிலிருந்து வந்த அகதியான மெஹ்ரான் கரிமி நசேரி, பாரிசின் சார்ள்ஸ் த கோல் நிலையத்தின் முதலாம் முனையத்தில் 1988 முதல் 2006 வரை வாழ்ந்தார். பதினொரு ஆண்டுகள் கழித்து, 1999 இல், பத்திரங்கள் வழங்கப்பட்டபோது அவர் அவற்றை ஏற்று வெளியேறவில்லை. 2022 நவம்பரில் அதே நிலையத்தில் இறந்தார். உலகம் அவரை ஒரு விசித்திர மனிதராகக் கண்டு புகைப்படம் எடுத்தது; அவர் நிலையிலிருந்து கருப்பெற்றதாகக் கூறப்படும் திரைப்படம் 2004 இல் நகைச்சுவையாகவே வந்தது. கதவு திறந்தபோது ஏன் வெளியேறவில்லை என்று அவரை நோக்கிக் கேட்டார்கள். ஒரு மனிதனை அந்நிலைக்கு ஆளாக்கிய பதினொரு ஆண்டுகளை நோக்கி எவர் கேட்டார்?

இங்கே சிலர் மறுப்புரைப்பர். மலிவான சீட்டை வாங்கியவன் தானே விரும்பிக் காத்திருக்கிறான் என்பர். பட்டினி கிடப்பவன் குறைந்த கூலிக்கு இசைவதும் விருப்பந்தானோ? தன் எல்லையைக் காப்பது ஒவ்வோர் அரசினதும் உரிமை என்பர் வேறு சிலர். நாட்டுக்குள் நுழைய விரும்புபவனைப் பற்றி அவ்வாறு வாதிடலாம். நுழையாமல் அடுத்த விமானத்துக்காக அமர்ந்திருப்பவனிடம் விசா கேட்பது எந்த எல்லையைக் காக்கிறது? அவன் வாய் திறந்து தஞ்சம் கேட்டுவிடுவானோ என்னும் அச்சமே இங்கு காக்கப்படுகிறது.

இத்தகைய பாகுபாடு நமக்குப் புதியதன்று என்பதையும் ஒளிவின்றிச் சொல்லவேண்டும். வழிப்போக்கன் இளைப்பாறச் சுமைதாங்கியும் கேணியும் மடமும் அமைத்த மரபு யாழ்ப்பாணத்தில் இருந்தது; பருத்தித்துறைத் தெருமூடிமடம் அதற்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. அதே சமுதாயந்தான் தேநீர்க்கடையில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப்பேணி வைத்தது; வாங்கில் அமர இடமளிக்க மறுத்தது. 1960களில் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நடந்த போராட்டங்களே அதனை அசைத்தன. 'கடை என்னுடையது, யாரை அமர்த்துவது என்பது என் உரிமை' என்று அன்று கடைக்காரன் சொன்னான். இன்று அரசுகள் சொல்வதும் அதுவே. பிறப்பினாற் சாதி வகுத்தவர்களை எதிர்த்த நாம், பிறந்த நாட்டினால் நாற்காலியை வகுப்பவர்களைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமோ?

அந்த நாற்காலிகளுக்குப் பின்னாலும் மனிதர் உளர். 2005 ஆகஸ்டில் ஹீத்ரோவில் விமானங்களுக்கு உணவு தயாரித்த கேட் கோர்மே நிறுவனம் 600க்கும் மேற்பட்ட தொழிலாளரை வேலைநீக்கியது. அவர்களுட் பெரும்பாலோர் தெற்காசிய வழிவந்த பெண்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பிரித்தானிய விமானக் கம்பனியின் தரைப்பணியாளர் வேலையை நிறுத்தினர். அத்தகைய ஆதரவு வேலைநிறுத்தம் அந்நாட்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது, தெரிந்தே நிறுத்தினர். நூறாயிரத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகள் போகவழியின்றி நின்றனர். மாபெரும் நிலையமொன்று எவருடைய கைகளால் இயங்குகிறது என்பது அந்நாட்களில் எல்லார்க்கும் புலனாயிற்று. சிறந்த நிலையங்களுக்குப் பட்டம் சூட்டுவோர் சாய்வுநாற்காலியின் மென்மையை அளக்கின்றனர்; அதைத் துடைப்பவரின் கூலியை அளப்பதில்லை.

இருத்தலை முல்லையின் உரிப்பொருளாக வகுத்த இலக்கியம் நம்முடையது. காத்திருத்தலின் நுட்பங்களை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடியவர்கள் என்று பெருமை பேசுகிறோம். அவ்வாறாயின் இன்றைய காத்திருத்தலையும் எழுதவேண்டும். டுபாயிலும் கட்டாரிலும் பொட்டலத்தைத் தலைக்கு வைத்துத் தரையில் உறங்கும் பணிப்பெண்ணின் இரவு நம் எழுத்தாளருக்குப் பொருளாகட்டும். உல்லாசப் பிரயாணக் குறிப்புகளைத் தழுவி எழுதும் வழக்கம் ஒழியட்டும்.

நாம் கோருவன தெளிவானவை. இடைத்தரிப்புக்கு விசா கேட்கும் முறை எல்லா நாடுகளிலும் அடியோடு நீக்கப்படல் வேண்டும். தஞ்சம் கோருவோனை ஏற்றிவந்தமைக்காகக் கம்பனிகளைத் தண்டிக்கும் சட்டங்கள் நீக்கப்படல் வேண்டும். காத்திருக்கும் வலயம் எதுவாயினும் நீதிமன்றமும் சட்டத்தரணியும் தடையின்றிச் செல்லும் இடமாதல் வேண்டும். 12 நாடுகளின் பட்டியலில் தன் மக்களின் பெயர் இருப்பதை இலங்கை அரசு எதிர்த்துக் குரலெழுப்பல் வேண்டும். மற்றைப் பதினொரு நாடுகளோடும் சேர்ந்தே எழுப்பல் வேண்டும். நம்மை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கு என்று கெஞ்சுவது, எனக்கு மட்டும் நல்ல பேணி தா என்று கடைக்காரனைக் கேட்பதை ஒக்கும்.

ஆசிரியரும் மாணவரும் இதை வகுப்பறையிற் பேசலாம். உலகப்படத்தை விரித்து அப்பன்னிரண்டு நாடுகளையும் அடையாளமிடுங்கள். அவற்றை ஆண்டவர்கள் யார், அங்கே போர் தொடுத்தவர்கள் யார், அவற்றின் செல்வத்தைக் கொண்டுசென்றவர்கள் யார் என்று கேளுங்கள். அதன்பின், யாரிடம் யார் விசா கேட்பது என்னும் வினாவை மாணவரே எழுப்புவர்.