எண்ணூர்க் கரி கூறும் சான்று

அறிவியலுக்குத் தமிழ் போதாதென்று பிதற்றுவோர் எண்ணூர்த் துறைமுகத்திற்கு வந்து காண்க! ஒடிசாவின் தால்ச்சேர்ச் சுரங்கங்களினின்று கப்பலேறி வந்து, வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி, 25 கோடி ஆண்டுகட்கும் முன்னர் மண்ணுட் புதைந்த காடாகும்.

அக்கரிப் படுகைகளில் நாவடிவ இலையொன்றின் அச்சுகள் உள. அதே இலையச்சு தென்னாப்பிரிக்கா, ஆத்திரேலியா, தென்னமெரிக்கா ஆகியவற்றிலும் கிடைத்துளது. 1912இல் தென்முனை சென்று மீளும் வழியில் மாண்ட ஆங்கிலேயர் இசுக்காட்டும் தோழரும் இறுதிவரை சுமந்த கற்களிலும் அவ்விலை இருந்தது. காடு கடல் கடந்து நடக்குமோ? நிலங்களே ஒன்றாயிருந்து பின்னர்ப் பிரிந்தன! பிரேசிலிலும் காமரூனிலும் ஒத்துக் காணப்படும், 12 கோடி ஆண்டுத் தொன்மையுடைய டைனோசர் அடிச்சுவடுகளும் இதனையே காட்டுவதாக 2024இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

அப்பெருநிலத்திற்கு 1885இல் ஆத்திரிய அறிஞர் சூயசு வழங்கிய கோண்டுவானா என்னும் பெயர், திரவிடமொழி பேசும் கோண்டு மக்களின் நாட்டுப்பெயரே.

அந்நிலத்தில் மாந்தனுமில்லை, மொழியுமில்லை. ஆகலின் அதனைக் குமரிக்கண்டமெனக் கொள்ளற்க. பொய்ப்பெருமை தமிழுக்கு வேண்டா. ஆயின், கரித்தூளை மூச்சில் வாங்கும் எண்ணூர், திருவொற்றியூர்ச் சிறார்க்கு அக்கரியின் வரலாற்றை அயன்மொழித் திரையிட்டு மறைப்பது கொடுமை. ஈண்டுக் கூறியவற்றுள் எது தமிழுக்கு அடங்காமற் போயிற்று?