மணி ஒலிக்கிறது, எடுப்பவருக்குத் தமிழ் தெரியுமா?

கல்முனைக்குடியிலிருந்து கொழும்பிலுள்ள திணைக்களமொன்றுக்கு அழைத்துத் தமிழில் பேசத் தொடங்கினால், சிங்களம் தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்வது இங்கு பலருக்கும் பழகிப்போன அனுபவம். ஆளணிப் பற்றாக்குறை என்று அதைக் கடந்துவிடுகிறோம். ஆனால் இணையவழித் தொலைபேசி உள்ள அலுவலகங்களில், ஓர் அழைப்பை யார் எடுக்கலாம் என்பது மென்பொருளில் முன்கூட்டியே பதியப்படும் தீர்மானம்.

ஒரு மேசையில் மணி ஒலிக்கிறது, உரியவர் இல்லை. அடுத்த மேசையில் இருப்பவர் தன் தொலைபேசியில் ஒரு குறியீட்டை அழுத்துகிறார். பரவலாகப் பயன்படும் அஸ்டெரிஸ்க் மென்பொருளில் அது வழமையாக நட்சத்திரக் குறியும் 8உம். உடனே சேவையகம் முதல் மேசையின் மணியை நிறுத்தி, அழைப்பை இவருக்கு இணைக்கிறது. ஆனால் எல்லோராலும் இப்படி எடுக்க முடியாது. ஒலிக்கும் தொலைபேசி எந்தக் குழுவைச் சேர்ந்தது, அந்தக் குழுவின் அழைப்பை எடுக்க யாருக்கு அனுமதி என்ற இரண்டையும் நிர்வாகிதான் பதிகிறார்.

அழைப்பவரின் மொழி இயந்திரத்துக்குத் தெரியாது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அடுத்த அறையில் இருந்தாலும், அவர் குழுவில் இல்லையென்றால் அந்த அழைப்பை எடுக்க முடியாது. தொடக்கத்திலேயே மொழியைத் தெரிவுசெய்ய விட்டு, தமிழ் அழைப்புகளைத் தனிக் குழுவுக்கு அனுப்புவதே இதற்கான வழி. அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கம் மும்மொழியிலும் இயங்குகிறது. ஆகவே இது முடியாத காரியமல்ல.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச உத்தியோகத்தருடன் தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. பிறப்புச் சான்றிதழ் விடயமென்றால் நாளை மீண்டும் அழைக்கலாம். வெள்ளத்தில் அப்படியல்ல. 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையை அழித்தது. 2024 நவம்பரில் அருகிலுள்ள மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தனர். இத்தகைய வேளையில் 117ஐ அழைப்பவர் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தமிழரோ முஸ்லிமோ, தொலைபேசியில் நமக்குள்ளது ஒரே மொழிதான். பிரதேச செயலக எல்லையில் முரண்படுவோரும் இந்தக் கோரிக்கையில் சேர்ந்து நிற்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்கலாம்: உங்கள் அழைப்புக் குழுவில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர்? கோரிக்கை மீதான தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.