நாய்க்கு நாலு வார்த்தை!

எங்கள் கொடைரோடு பக்கம் புது வீடு கட்டி கேட் போட்டு முடித்ததும், அடுத்த வேலையாக ஒரு லாப்ரடார் குட்டி வாங்கி விடுகிறார்கள். தப்பில்லை. வாயில்லா ஜீவனை வளர்க்க நல்ல மனசு வேண்டும். ஆனால், வாங்குகிற அன்று இருக்கிற உற்சாகம் ஆறு மாதத்தில் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

குட்டியாக மடியில் கிடக்கும்போது தாவினால் சிரிக்கிறார்கள். கையைக் கடித்தால், 'விளையாடுது' என்கிறார்கள். ஒரே வருஷத்தில் அது 30 கிலோ ஆகி விடும். அப்போதும் அதே பாசத்தோடுதான் தாவும். எங்கள் தெருவில், கோலம் போட வாசலுக்கு வந்த ஒரு பெரியம்மா மீது அவர்கள் வீட்டு நாய் ஆசையாகத் தாவ, விழுந்து கை எலும்பு முறிந்தது. அன்றைக்கு நாயைச் சங்கிலியில் கட்டினவர்கள்தான், இன்னும் அவிழ்க்கவில்லை. நாள் பூரா குரைக்கிறது. 'சனியனை யார்கிட்டயாவது தள்ளி விடுங்க' என்கிறார்கள். பாவம், அது செய்த குற்றம் என்ன? தாவக் கூடாது என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

'நாய் வாலை நிமிர்த்த முடியுமா?' என்று பழமொழி பேசித் தப்பிக்க வேண்டாம். கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு தண்ணீரில் இறங்கி வேலை பார்த்த நாய்களின் வம்சம் இது. பிரிட்டனில் வளர்க்கப்பட்டு, 1903-ல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. இன்று போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் வெடிகுண்டு தேடுவதும் இதே இனம்தான். வேலை செய்யப் பிறந்ததைக் கட்டிப் போட்டு, வேளைக்குச் சோறு மட்டும் போட்டால், அது செருப்பைக் கடிக்காமல் என்ன செய்யும்?

வீட்டு நாய்க்கு வெடிகுண்டுப் பயிற்சி தேவையில்லை. உட்கார், இரு, வா, விடு. இந்த நாலு வார்த்தை போதும். ஒரு தடவைக்கு 5 நிமிஷம், தினம் மூன்று தடவை. குட்டி வீட்டுக்கு வந்த வாரமே தொடங்கி விடலாம்.

வேக வைத்த கோழித் துண்டோ, கேரட்டோ வேர்க்கடலை அளவுக்குக் கிள்ளி, மூக்குக்கு மேலே காட்டி மெதுவாகத் தலைக்குப் பின்னால் கொண்டு போங்கள். தலை நிமிரும், பின்பக்கம் தானே தரையில் உட்காரும். அந்த நொடியில் 'உட்கார்' என்று சொல்லி, துண்டைக் கொடுத்துத் தட்டிக் கொடுங்கள். உட்கார்ந்ததும் 'இரு' என்று சொல்லி ஓரடி பின்னால் நகர்ந்து, திரும்பி வந்து கொடுங்கள். அடுத்த நாள் இரண்டடி. 'வா' என்று கூப்பிட்டு வந்த நாயை எந்தக் காரணத்துக்காகவும் திட்டாதீர்கள். வந்தால் திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை வராது. நால்வழிச் சாலை பக்கத்திலேயே இருக்கிற எங்கள் ஊரில், கேட் திறந்தவுடன் ஓடுகிற நாய்க்கு இந்த ஒரு வார்த்தைதான் உயிர்.

'விடு' என்பதும் அப்படித்தான். மூடிய கைக்குள் தீனியை வைத்துக் காட்டுங்கள். முட்டி மோதிப் பார்த்துவிட்டு மூக்கை எடுத்தவுடன், 'விடு' என்று சொல்லி மற்ற கையிலிருந்து கொடுங்கள். எங்கள் பக்கம் ரோட்டோரம் பன்னீர் திராட்சை விற்காத இடமில்லை. திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகமே செயலிழந்து போகலாம். பாயசத்தில் போடுகிற உலர் திராட்சையும் அப்படியே. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் நம் வீட்டுப் புளியிலும் நிறைய இருக்கிறது. மிஞ்சின புளிக்குழம்புச் சோற்றை நாய்க்கு வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லாப்ரடாரோ தின்று அலுக்காத பிராணி. நாலில் ஒரு லாப்ரடாருக்கு, பசியைத் தூண்டும் மரபணுக் கோளாறே இருப்பதாக 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்தப் பசியையே பாடம் நடத்தப் பயன்படுத்தலாம். பயிற்சிக்குக் கொடுப்பதைச் சாப்பாட்டில் குறைத்து விட வேண்டும், அவ்வளவுதான்.

தாவுகிற நாய்க்கு வைத்தியம் இன்னும் சுலபம். தாவினால் கத்தாதீர்கள், முதுகைத் திருப்பிக் கொண்டு சும்மா நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்ட பிறகு கொஞ்சுங்கள். ஆனால், வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். அப்பா 'சிட்' என்பார், பையன் 'டவுன்' என்பான், பாட்டி 'உக்காருடா' என்பார். நாய் யார் பேச்சைக் கேட்கும்? பாட்டி வாயில் வருகிற தமிழ் வார்த்தையையே எல்லோரும் சொல்லி விட்டுப் போகலாமே!

'அடியாத மாடு படியாது' என்று கம்பை எடுக்கிறவர்களும் உண்டு. அடித்தால் நாய் பாடம் படிக்காது, கையைப் பார்த்துப் பயப்படத்தான் படிக்கும். பயந்த நாய் ஒருநாள் கடிக்கும். அதே போல, நம் ஊர் வெயிலில் நடக்க விட்டுப் பழக்குவதும் கொடுமை. இந்த இனத்துக்கு உடம்பில் இரட்டை ரோமம். புறங்கையைத் தார் ரோட்டில் 5 விநாடி வைத்துப் பாருங்கள். சுட்டால், நாயின் காலையும் சுடும். விடிகாலையும் பொழுது சாய்ந்த பிறகும்தான் சரி.

கடைசியாக, மனதில் உள்ளதைச் சொல்லி விடுகிறேன். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், அப்பா வாங்கி வருவார். சோறு வைப்பது, அசிங்கம் அள்ளுவது, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்குவது மட்டும் நாம்! பயிற்சியாவது எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. எப்போதும் கட்டியே வைத்து நடக்க விடாததும், காரணமின்றிக் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே சகோதரிகளே, குட்டி வாங்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால், விலையைக் கேட்காதீர்கள். தினம் கால் மணி நேரம் யார் தருவார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், குட்டியும் வர வேண்டாம்!

— ஓர் இல்லத்தரசி, கொடைரோடு.