"ரெஸ்யூம் அனுப்பியிருக்கேன் சார்!" - ஒரு இமெயில் திறந்துவிட்ட வங்கிக் கதவு

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை காலை. டாக்காவில் உள்ள பங்களாதேஷ் வங்கியின் 10-வது மாடியில் ஒரு பிரின்டர் வேலை செய்யவில்லை. எந்த ஆபீஸில்தான் பிரின்டர் ஒழுங்காக வேலை செய்கிறது? 'வழக்கமான மக்கர்தான்' என்று ஊழியர்களும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்த வங்கி, நம்மூர் ரிசர்வ் வங்கியைப் போல அந்த நாட்டின் மத்திய வங்கி. அந்த பிரின்டரோ, வெளிநாடுகளுக்குப் போய்வரும் பணத்தின் விவரங்களை இடைவிடாமல் அச்சிட்டுக்கொண்டிருக்க வேண்டிய பிரின்டர். ஒருவழியாக அதைச் சரிசெய்து ஓடவிட்டபோது, நியூயார்க்கிலிருந்து பதறிப்போய் வந்திருந்த கேள்விகள் வரிசையாக அச்சாகி வெளியே வந்தன. 'உங்கள் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட மொத்தப் பணத்தையும் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்களே, உண்மைதானா?'

வங்கியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பங்களாதேஷ் வைத்திருந்த கணக்கிலிருந்து 95.1 கோடி டாலரை எடுக்க 35 உத்தரவுகள் போயிருந்தன. எல்லாம் முறையான வழியில், முறையான பாஸ்வேர்டில், வங்கியின் சொந்த கம்ப்யூட்டரிலிருந்தே போனவை.

திருடர்கள் உள்ளே வந்தது எப்படி? சுவரில் ஓட்டை போட்டு வரவில்லை. ஓராண்டுக்கு முன்பு, 2015 ஜனவரியில், வங்கி ஊழியர்கள் சிலருக்கு ஒரு இமெயில் வந்தது. வேலை தேடும் ஓர் இளைஞர் எழுதியது போன்ற, பணிவான கடிதம். 'என் ரெஸ்யூமை இந்த லிங்க்கில் டவுன்லோடு செய்து பாருங்கள்' என்று கேட்டிருந்தது. குறைந்தது ஒருவராவது செய்தார். அவ்வளவுதான். லிங்க்கில் ஒளிந்திருந்த வைரஸ் அந்த கம்ப்யூட்டரில் இறங்கி, அங்கிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தாவி, பணம் அனுப்பும் கம்ப்யூட்டர் வரை போய்ச் சேர்ந்தது.

அந்த இமெயிலைத் திறந்தவரை முட்டாள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், வேலை கேட்டு வரும் ஒரு பையனின் கடிதத்தைத் திறந்து பார்ப்பது எந்த ஊரில் குற்றம்? ஃபிஷிங் எனப்படும் இந்தத் தூண்டில் வேலை, நம் பேராசையை மட்டும் குறிவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்கிற இடத்தில் அது குறிவைப்பது நம் கடமை உணர்வை. சொன்ன வேலையை உடனே முடிக்கும் நல்ல ஊழியர்தான் அதில் முதலில் மாட்டுகிறார்.

நான்கு விடுமுறை நாள்கள்

திருடர்கள் நாளைத் தேர்ந்தெடுத்த விதம் அசர வைக்கும். வியாழக்கிழமை இரவு வேலையைத் தொடங்கினார்கள். பங்களாதேஷில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. டாக்காவில் விஷயம் புரிந்து நியூயார்க்கைக் கூப்பிடும்போது அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. ஆக, யாரும் யாரையும் பிடிக்க முடியாத நான்கு நாள்கள்.

நல்லவேளையாக, பெரும்பாலான உத்தரவுகள் நியூயார்க்கில் நிறுத்தப்பட்டன. காரணம், சினிமாவில் வைத்தால்கூட நம்ப மாட்டார்கள். பணம் போகவேண்டிய மணிலா வங்கிக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிட்டர். அதே பெயர் அமெரிக்கா தடைசெய்த ஓர் ஈரானியக் கப்பலுக்கும் இருந்ததால், கம்ப்யூட்டர் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. அதற்குள் ஐந்து உத்தரவுகள் தாண்டிப் போய்விட்டன. அதில் 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்குப் போனது. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை திருடர்கள் தப்பாக எழுதியிருந்தார்கள். அந்த ஸ்பெல்லிங் மிஸ்டேக் கண்ணில் பட்டு, பணம் திரும்பி வந்தது. மிச்சம் 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய், அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. அடுத்த மாதமே வங்கியின் கவர்னர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார். இதைச் செய்தது வட கொரிய ஹேக்கர்கள் என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. வட கொரியா மறுக்கிறது.

ஸ்பெல்லிங் மிஸ்டேக் காப்பாற்றியது 2016-ல். இன்று அந்த அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க முடியாது. 'எழுத்துப்பிழை இருந்தால் போலி மெயில்' என்று பல வருடங்களாக ஆபீஸ்களில் சொல்லித் தந்த பாடம் காலாவதியாகிவிட்டது. ஏ.ஐ-யிடம் கேட்டால், பிழையே இல்லாத ஆங்கிலத்திலும், ஏன் அழகான தமிழிலும்கூட ஒரு நொடியில் கடிதம் எழுதித் தந்துவிடும்.

"சார், இதை அனுப்பினது நீங்கதானா?"

நம்மூர் ஆபீஸ்களுக்கு வரும் தூண்டில்களைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீஸன் இருப்பது தெரியும். மார்ச், ஏப்ரலில் சம்பள உயர்வுப் பட்டியல். ஜூன், ஜூலையில் வருமான வரி ரீஃபண்ட். வருடம் முழுக்க, 'உங்கள் மெயில் பாக்ஸ் நிறைந்துவிட்டது', 'பாஸ்வேர்டு இன்றோடு முடிகிறது', 'ஜி.எஸ்.டி நோட்டீஸ்'. லிங்க்குக்குப் பதிலாக க்யூ.ஆர் கோடு வைத்து வருவதும் உண்டு. கம்ப்யூட்டரில் இருக்கும் பாதுகாப்பு, கோடை ஸ்கேன் செய்யும் சொந்த செல்போனில் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, லிங்க்கே இல்லாத மெயில். எம்.டி பெயரில் வரும். 'மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது. இந்த பேமென்ட்டை உடனே போட்டுவிடுங்கள். இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம்.' அல்லது பல வருடங்களாகச் சரக்கு அனுப்பும் கம்பெனியிடமிருந்து வரும். 'எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்.' வைரஸ் எதுவும் இல்லை என்பதால் எந்த சாஃப்ட்வேரும் எளிதில் பிடிக்காது.

சின்ன கம்பெனிதான் ஏமாறும் என்று நினைக்க வேண்டாம். எவால்டாஸ் ரிமாசாஸ்காஸ் என்ற லிதுவேனியா நாட்டுக்காரர், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் அதே பெயரில் லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். 2013 முதல் 2015 வரை, போலி பில்களை இமெயிலில் அனுப்பி அவர் கறந்தது 12 கோடி டாலருக்கும் மேல். ஏமாந்தவர்கள் கூகுளும் ஃபேஸ்புக்கும்! உலகத்துக்கே இமெயில் கொடுக்கும் கம்பெனி, இமெயிலில் ஏமாந்தது. 2019-ல் அவருக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

மெயிலில் சந்தேகம் வந்தால் வீடியோ காலில் முகத்தைப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். 2024-ல் அதுவும் பொய்யானது. ஆரப் என்ற பிரிட்டன் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவருக்கு, தலைமை நிதி அதிகாரி பெயரில் ரகசியப் பணப்பரிமாற்றம் பற்றி மெயில் வந்தது. அவருக்குச் சரியாகவே சந்தேகம் வந்தது. ஆனால், அடுத்து நடந்த வீடியோ மீட்டிங்கில் அதிகாரியும், தெரிந்த சக ஊழியர்களும் முகம் காட்டிப் பேசினார்கள். சந்தேகம் தீர்ந்தது. 15 தவணைகளில் சுமார் 2.5 கோடி டாலர் அனுப்பினார். அந்த மீட்டிங்கில் அவரைத் தவிர மற்ற எல்லா முகங்களும் டீப்ஃபேக்.

இதற்கெல்லாம் மருந்து ரொம்பப் பழையது. பணமோ, பேங்க் அக்கவுன்ட் மாற்றமோ என்றால், மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் எண்ணுக்கு நாமே போன் செய்து கேட்பது. கேட்பதற்குச் சுலபம். ஆனால், நம்மூரில் ஒரு ஜூனியர் அக்கவுன்டன்ட் எம்.டி-க்கு போன் போட்டு, "சார், இதை அனுப்பினது நீங்கதானா?" என்று கேட்டுவிட முடியுமா? "மெயில் போட்டேன்ல... அப்புறம் என்ன கேள்வி?" என்று ஒருமுறை கடிந்துகொண்டால் போதும். அடுத்தமுறை திருடன் பெயரில் வந்தாலும் அவர் கேட்க மாட்டார். அதனால் இந்த விஷயத்தில் பயிற்சி தேவைப்படுவது ஜூனியருக்கு அல்ல, சீனியருக்கு. 'இவ்வளவு தொகைக்கு மேல் போனால் என்னிடம் போனில் கேட்டே ஆக வேண்டும், நானே திட்டினாலும் கேளுங்கள்' என்று முதலாளி முன்கூட்டியே சொல்லி வைப்பது, லட்ச ரூபாய் சாஃப்ட்வேரைவிட பலமான பூட்டு.

பல நிறுவனங்கள் வேறு வழியில் போகின்றன. தாங்களே போலி மெயில் அனுப்பி, யார் கிளிக் செய்கிறார்கள் என்று பரீட்சை வைக்கின்றன. அளவோடு செய்தால் நல்லதுதான். 2020 டிசம்பரில், கொரோனா நெருக்கடிக்கு நடுவே, கோடாடி நிறுவனம் தன் ஊழியர்களுக்கு '650 டாலர் பண்டிகை போனஸ்' என்று மெயில் அனுப்பியது. சுமார் 500 பேர் ஆசையோடு கிளிக் செய்தார்கள். போனஸ் எதுவும் இல்லை, 'நீங்கள் பரீட்சையில் ஃபெயில்' என்ற பதில்தான் வந்தது. விஷயம் வெளியே வந்து, நிறுவனம் மன்னிப்பு கேட்டது. ஊழியரை அவமானப்படுத்தும் பரீட்சை ஒன்றை மட்டும் நன்றாகக் கற்றுத் தருகிறது. அடுத்தமுறை தப்பு நடந்தால் வாயைத் திறக்கக் கூடாது.

கண்ணை நம்பாத சாவி

அனுப்பியவரின் முகவரியைப் பாருங்கள் என்பார்கள். செல்போனில் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி மறைந்திருக்கும். பெயரைத் தொட்டால்தான் முழு முகவரியும் விரியும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலவே இருக்கும். சின்னத் திரையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். லிங்க்கைப் படிக்கும்போது முதல் ஒற்றை சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் 'மைக்ரோசாஃப்ட் டாட் காம்' என்று இருந்து, அதற்குப் பிறகு வேறு ஏதோ பெயர் டாட் இன் என்று முடிந்தால், அது மைக்ரோசாஃப்ட் இல்லை.

ஆனாலும், நாளுக்கு நூறு மெயில் பார்க்கும் கண் என்றாவது ஒருநாள் சறுக்கும். ஓ.டி.பி இருக்கிறதே என்றால், போலி லாகின் பக்கம் அதையும் கேட்டு வாங்கி, அதே நிமிடத்தில் அசல் பக்கத்தில் போட்டுவிடுகிறது. அதனால்தான் கூகுள், 85,000-க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்கு யூ.எஸ்.பி வடிவ செக்யூரிட்டி கீ கொடுத்தது. 2017-ல் அது கட்டாயமான பிறகு, ஃபிஷிங்கால் ஊழியர்களின் வேலைக் கணக்கு எதுவும் பறிபோகவில்லை என்று 2018-ல் சொன்னது. மனிதக் கண் ஏமாறினாலும், அந்தச் சாவி தளத்தின் முகவரியைத் தானே சரிபார்க்கும். போலித் தளமாக இருந்தால் திறக்காது. இப்போது செல்போனில் கைரேகையால் திறக்கும் 'பாஸ்கீ'யும் அதே தொழில்நுட்பம்தான். தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஜிமெயில், மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் இலவசமாகவே இருக்கிறது.

கிளிக் செய்துவிட்டால்?

மெயிலை டெலீட் செய்துவிட்டு, யாருக்கும் தெரியாது என்று இருப்பதுதான் பெரிய ஆபத்து. உடனே இன்டர்நெட்டைத் துண்டித்து, ஐ.டி டீமுக்கு போன் செய்ய வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லா டிவைஸிலிருந்தும் லாக் அவுட் கொடுக்க வேண்டும். பணம் போயிருந்தால் வங்கிக்கும், 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கும் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்றைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே நுழைந்தவர், 'இனி வரும் மெயில்களின் நகல் எனக்கும் வரட்டும்' என்று ரகசியமாக ஒரு ஃபார்வர்டு முகவரியை செட் செய்துவிட்டுப் போயிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். ஜிமெயில் என்றால் செல்போன் ஆப்பில் இதைப் பார்க்க முடியாது. கம்ப்யூட்டரில் திறந்து, செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்' பகுதியையும், அதற்குப் பக்கத்தில் உள்ள 'ஃபில்டர்ஸ்' பகுதியையும் பார்க்க வேண்டும். தெரியாத முகவரி எதுவும் அங்கே இருந்தால், நீக்குவதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் கேட்பார்கள்.