மூன்று காலில் ஓடிய மோட்டார்

வயதான மோட்டார் வண்டிக்கும் வயதான மாமனாருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. காலையில் எழுந்ததும் இருவரும் இருமுவார்கள். வீட்டில் உள்ளவர்கள், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் காரியத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். இருமல் எதனால் வந்தது என்று விசாரிப்பவர் அபூர்வம்.

என் தமையனாரிடம் ஓர் அம்பாஸடர் வண்டி இருக்கிறது. 1983-ஆம் வருஷத்தில் எங்கள் தகப்பனார் வாங்கியது. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்ஜின். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014-ஆம் வருஷத்தோடு இந்த வண்டியின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டு வண்டி நிற்கவில்லை. சென்ற மார்கழியில்தான் அதற்கு நடுக்கம் கண்டது. நின்ற இடத்தில் எஞ்ஜின் ஓடும்போது, குளிர் ஜுரம் வந்தவனைப்போல வண்டி முழுவதும் உதறிற்று. சமதரையில் சற்று அடங்கும். பாலத்தில் ஏறும்போது மறுபடியும் திக்கும். மழை பெய்த மறுநாள் காலையிலோ, கேட்கவே வேண்டாம்.

ஒரு பட்டறையில் காட்டினோம். அங்கிருந்த நிபுணர் முன்மூடியைத் திறந்தார், ஒரு நிமிஷம் பார்த்தார், மூடினார். "எஞ்ஜின் தேய்ந்துவிட்டது, ஸார். இறக்கி, போர் போட்டு, பிஸ்டன் மாற்ற வேண்டும். எழுபதாயிரம் ஆகும்" என்றார். நாடி பிடித்துப் பாராமலே ரண சிகிச்சைக்கு நாள் குறிக்கும் டாக்டரை நான் அன்றுதான் நேரில் கண்டேன்.

தமையனார் வீட்டுக்கு வந்து, "அந்தப் பணத்தைப் போடுவதைவிடப் பழைய இரும்புக்கே கொடுத்துவிடலாம்" என்றார். மன்னி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் மணப்பெண்ணாக இந்த வீட்டு வாசலில் வந்து இறங்கியது அந்த வண்டியிலிருந்துதான்.

அதன் பிறகே எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் மேஸ்திரியின் ஞாபகம் எனக்கு வந்தது. எழுபது வயதைத் தாண்டியவர். தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். வந்ததும் கருவி எதையும் எடுக்கவில்லை. "தம்பி, எப்போது உதறுகிறது? சூடாவதற்கு முன்பா, பின்பா? ஏற்றத்திலா, இறக்கத்திலா?" என்று தமையனாரைக் குறுக்கு விசாரணை செய்தார். மழையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு எஞ்ஜினை ஓடவிட்டு, கையில் கனத்த ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, ஸ்பார்க் பிளக்குகளின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் ஒயரைக் கழற்றியதும் எஞ்ஜினின் தொனி தாழ்ந்து, தள்ளாடிற்று. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் அப்படியே. இரண்டாவது ஒயரைக் கழற்றியபோதோ, எஞ்ஜின் அதைச் சட்டை செய்யவே இல்லை! வேலை செய்யாதவன் வெளியே போனால் யாருக்கு நஷ்டம்? இந்த எஞ்ஜினின் நான்கு ஸிலிண்டர்களில் 1, 3, 4, 2 என்ற வரிசையில் நெருப்புப் பற்றுகிறது. நான்கு பேர் சுமக்கும் பல்லக்கில் ஒருவன் தோளை எடுத்துவிட்டால் பல்லக்கு எப்படிப் போகும்? அப்படித்தான் எங்கள் வண்டி போய்க்கொண்டிருந்தது.

(இந்தப் பரீட்சையை நேயர்கள் புது வண்டியில் செய்து பார்க்க வேண்டாம். அவற்றின் மின்சார அமைப்பு கெட்டுப்போகும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள சுத்திகரிப்புக் கருவியையும் பாழாக்கிவிடும். பழைய வண்டியிலும், உறையில்லாத கைக்கு மறக்க முடியாத அனுபவம் கிடைக்கும்.)

அடுத்தபடியாக மேஸ்திரி பிளக்குகள் நான்கையும் கழற்றினார். இரண்டாவது பிளக் பெட்ரோலில் நனைந்து கறுத்திருந்தது. பிளக்குகளைக் கழற்றிய கையோடு, ஸிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கும் மானியை வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக அளந்தார். இதுதான் பட்டறைக்காரர் செய்திருக்க வேண்டிய காரியம். ஒரு ஸிலிண்டரில் மட்டும் அமுக்கம் குறைந்திருந்தால், அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டில் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால் நடுவே உள்ள கேஸ்கட் போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எங்கள் வண்டியிலோ நான்குக்கும் இடையே ஐந்து பவுண்டு வித்தியாசம்கூட இல்லை. "உங்கள் எஞ்ஜினுக்கு உயிர் கெட்டியாக இருக்கிறது, தம்பி" என்றார் மேஸ்திரி. தமையனார் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்படியானால் குற்றவாளி யார்? இரண்டாவது பிளக்கை மூன்றாவது இடத்திலும், மூன்றாவதை இரண்டாவது இடத்திலும் மாற்றி மாட்டினார். பிளக் கெட்டிருந்தால் நோயும் அதனுடன் இடம் மாறியிருக்கும். மாறவில்லை, இரண்டாவது ஸிலிண்டர்தான் மறுபடியும் சும்மா இருந்தது. புது ஒயர் போட்டுப் பார்த்தார், பயனில்லை. மின்சாரத்தை நான்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி வெயிலில் திருப்பிக் காட்டினார். உட்புறத்தில், இரண்டாவது முனையிலிருந்து விளிம்புவரை தலைமயிர் போன்ற ஒரு விரிசல்; அதன்மேல் பென்ஸிலால் கிழித்தாற்போல் ஒரு கரிக்கோடு. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்தக் கரிப்பாதை வழியே எஞ்ஜினின் உடம்புக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் காற்றில் அந்தப் பாதை இன்னும் சுலபமாகிறது. ஏற்றத்தில் ஸிலிண்டருக்குள் அமுக்கம் அதிகம். பிளக்கில் பொறி தாண்டுவது கடினம். ஆகவே மின்சாரம் குறுக்கு வழியையே நாடும். அவர் முதலில் கேட்ட கேள்விகளின் அர்த்தம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

புதுப்பேட்டைக்குப் போய், ஐந்தாறு கடை ஏறி இறங்கி, ஒரு மூடியும் உள்ளே சுழலும் ரோட்டரும் வாங்கி வந்தோம். சில நூறு ரூபாய்தான். மேஸ்திரி அவற்றைப் பொருத்தி, காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்குச் சரி செய்தார். போகிற போக்கில் பெட்ரோல் வரும் ரப்பர் குழாய் ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார். 2025-ஆம் வருஷத்தில் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எதனால் கலப்பது நாடெங்கும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் அதில் ஊறிக் கெடும். அதோடு, எதனாலுக்குள் பிராணவாயு இருப்பதால், பழைய கார்புரேட்டர் கொடுக்கும் கலவையில் எரிபொருள் போதாமற் போய், வேறொரு வகைத் திக்கலும் உண்டாகலாம். குழாயை மாற்றினார், கலவையையும் சிறிது கூட்டினார்.

சாவியைத் திருப்பினார் தமையனார். எஞ்ஜின் நான்கு காலிலும் நின்று பேசிற்று. அந்தச் சத்தம் கேட்டு மன்னி காபியுடன் வாசலுக்கு வந்தாள். மேஸ்திரி டம்ளரை வாங்கி, குடிக்காமல், ஓடுகிற வண்டியின் மட்கார்டின்மேல் வைத்து உற்றுப் பார்த்தார். காபியில் மெல்லிய அலை ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

"எஞ்ஜினைத் தாங்கும் ரப்பர் ஒன்று நசுங்கியிருக்கிறது, அம்மா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் கையில் எடுத்தார்.